தலவாக்கலைக் கூரையில் ஐந்து கிலோவாட்: இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையின் பெரும் பகுதியைக் கொண்டு, 2023 நவம்பரில் மலைநாட்டுத் தலவாக்கலையில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையில் ஐந்து கிலோவாட் சூரிய மின்தொகுதி ஒன்றைப் பொருத்தினோம். 550 வாட் பேனல்கள் ஒன்பது, இஸ்தோப்பு (முன்தாழ்வாரம்) சுவரில் பேனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் ஓர் இன்வர்ட்டர், மின்னல் பாதுகாப்புக் கருவிகள், புதிய மானி, கூலி என எல்லாம் சேர்ந்து 12 இலட்சம் ரூபாய் ஆயிற்று. அதன் பின் இரண்டு தென்மேற்குப் பருவங்களையும் டித்வா புயலையும் அந்தத் தொகுதி கண்டுவிட்டது. மலைநாட்டில் இதைப் போட எண்ணுவோர் கேட்கும் கேள்விகளுக்கு விற்பனையாளர்களின் துண்டுப்பிரசுரங்களில் விடை கிடைப்பதில்லை. அவை அநுராதபுரத்து வெயிலை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டவை. ஆகவே எங்கள் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேனலை ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். அது தரும் மின்சாரத்தை இலங்கை மின்சார சபைக்கு விற்பதற்கு 20 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோம். குளிர்சாதனப் பெட்டியையோ சலவை இயந்திரத்தையோ மதிப்பிடுவதுபோல் பொருளின் தரத்தை மட்டும் பேசி முடித்துவிட இங்கே வழியில்லை; அரசின் வாக்கும் இதில் ஓர் உதிரிப்பாகம்.

எங்களை இதற்குத் தள்ளியது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. டீசலும் நிலக்கரியும் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை என்பதை அந்த இருளில்தான் பலர் முதன்முறையாகப் புரிந்துகொண்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என் வீட்டு மேசையைச் சுற்றி மெழுகுதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு விளக்கு வந்தது, மின்கட்டணப் பட்டியலும் வந்தது: 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியைப் பற்றி எங்கள் தெருவில் பேச்சு எழுந்தது காலநிலை மாற்றத்தைப் பற்றிய கருத்தரங்கு எதையும் கேட்டு அல்ல. வெளிநாட்டுக் கப்பலுக்குக் காத்திருக்காத மின்சாரம் வேண்டும் என்ற விருப்பமே அதற்குக் காரணம். 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்ற அரசின் இலக்குக்கு மக்களிடம் ஆதரவு இருக்கிறது என்று சொல்லப்படும்போது, அந்த ஆதரவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்வது நல்லது. மெழுகுதிரி வெளிச்சத்தில் பிறந்த ஆதரவு அது. மறுபடி இருள் வந்தால் கேள்வி கேட்கும்.

இனி சேவையைப் பற்றி. மூன்று நிறுவனங்களிடம் விலைமனுக் கேட்டோம். ஒன்று தொலைபேசியிலேயே விலை சொல்லி முற்பணம் கேட்டது, அதை விட்டுவிட்டோம். மற்றொன்று ஆளை அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை. மூன்றாவது நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் மலையேறி வந்து, ஏணி கேட்டு, கூரையில் ஏறி, திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். அந்த ஒரு செய்கைக்காகவே அவர்களைத் தெரிவு செய்தோம் என்று சொன்னால் மிகையாகாது. நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவுபெற்ற நிறுவனமா என்று பார்த்துக்கொள்ளும்படி மின்துறையில் இருக்கும் உறவினர் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், பார்த்தோம். இப்பதிவு வேலையின் நேர்த்திக்கு உத்தரவாதம் அல்ல என்பதைப் பிறகு கற்றுக்கொண்டோம்.

காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம், உத்தரவாதப் பத்திரம், இன்வர்ட்டரின் கையேடு, கைபேசிச் செயலி ஆகிய எதிலும் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. விளக்கம் சொல்ல வந்தவர்கள் சிங்களத்தில் பொறுமையோடு சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நான் ஆங்கிலம் வாசிப்பேன், ஆகையால் எங்களுக்குப் பெரிய இடர் இல்லை. ஆனால் 20 ஆண்டுகளுக்குத் தம்மைக் கட்டுப்படுத்தும் ஒரு பத்திரத்தில், தமக்குத் தெரியாத மொழியில், காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்த இரண்டு குடும்பங்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் தாம் தெரிவு செய்த முறை எது என்பதையே ஓராண்டு கழித்துத்தான் அறிந்தார். மிகுதியான மின்சாரத்துக்குப் பணம் கிடைக்கும் என்று நம்பியிருந்தார்; அவருக்குப் போடப்பட்டதோ 2010ஆம் ஆண்டில் அறிமுகமான நெட் மீட்டரிங் முறை. அதில் மிகுதி அலகுகள் அடுத்த மாதத்துக்குக் கணக்கில் ஏறுமே தவிர, காசாக வராது. காசு வேண்டுமென்றால் நெட் அக்கவுண்டிங் முறையைக் கேட்க வேண்டும். உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டுப் பாவனைக்குத் தனியாகப் பட்டியல் கட்டும் நெட் பிளஸ் முறையும் உண்டு. பின்னைய இரண்டும் 2016 செப்டெம்பரில் தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சூரிய மின் திட்டத்தோடு வந்தவை. இந்த மூன்றின் வேறுபாட்டைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கொடுப்பது பேனலைத் தூக்கிக் கூரையில் ஏற்றுவதைவிடக் கடினமான வேலையா?

பொருத்துவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. வந்த பாஸ்மார் (தொழில் தெரிந்த வேலையாட்கள்) மூவரும் கெட்டிக்காரர்கள். மழை தூறிக்கொண்டிருந்தபோதும் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏற மறுத்தார்கள், அது எனக்குப் பிடித்தது. தகரத்தில் துளையிட்டு, பேனலைத் தாங்கும் அலுமினியச் சட்டங்களைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும். பழைய சீட் துளையிடும்போதே வெடித்துவிடக்கூடும். அதன் தூளைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. எங்கள் தகரமும் எங்களைச் சும்மா விடவில்லை: பொருத்திய மூன்றாம் வாரமே தென்மேற்கு மூலையில் ஒழுகத் தொடங்கியது. ஐந்து முறை தொலைபேசியில் பேசிய பின் ஒருவர் வந்து சிலிக்கன் பூசிவிட்டுப் போனார். அடுத்த பருவமழையில் மறுபடி ஒழுகியது. மறுபடி பேசினோம், மறுபடி பூசினார்கள். விற்கும் வரை இரண்டு மணிக்கொரு தடவை அழைத்த தொலைபேசி எண், விற்ற பின் மணியடித்துக்கொண்டே இருந்தது. பேனலுக்கு 25 ஆண்டும் இன்வர்ட்டருக்கு 10 ஆண்டும் உத்தரவாதம் தந்தவர்கள், கூரையில் தாங்கள் போட்ட துளைக்கு ஓராண்டு மட்டுமே தந்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் பத்திரத்தில் தேடிப் பிடித்தேன்.

உற்பத்தியைப் பற்றித்தான் எல்லோரும் முதலிற் கேட்கிறார்கள்: பனிமூட்டத்தில் இது வேலை செய்யுமா? வேலை செய்கிறது, ஆனால் மாதத்துக்கு மாதம் வேறு முகம் காட்டுகிறது. மேற்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஜனவரியின் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் அறுவடைக் காலம். 2025 பெப்ரவரியில் எங்கள் செயலி காட்டியது 620 அலகு. அதே ஆண்டு ஜூலையில், நாள் முழுவதும் தூறலும் முகிலுமாக இருந்தபோது, 360 அலகு. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பங்கிட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 500 அலகு வருகிறது. விற்பனையாளர் எழுதித் தந்தது 600. பண்டாரவளையில் இருக்கும் என் தங்கை வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. எங்களுக்கு மழை கொட்டும் ஜூலையில் ஊவாப் பக்கம் கச்சான் காற்றும் கடும் வெயிலும். எங்களுக்கு வானம் வெளுக்கத் தொடங்கும் டிசம்பரில் அங்கே வடகீழ்ப் பருவமழை. மலைநாடு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சூரியன் அப்படிப் பார்ப்பதில்லை.

குளிர் இதற்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. பேனலின் வெப்பநிலை ஒரு பாகை ஏறும்போது அதன் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 வீதம் வரை குறைகிறது. ஆகவே வெயில் அடித்தும் காற்று குளிர்ந்தும் இருக்கும் எங்கள் பெப்ரவரி முற்பகல் பேனலுக்கு மிகவும் உகந்தது. மழை விட்டு முகில் விலகும் அந்தச் சில நிமிடங்களில் செயலியில் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்ப்பது என் மனைவிக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. எங்களைத் தொல்லைப்படுத்துவது குளிரன்று, மலை. கிழக்கே உள்ள மலையின் பின்னாலிருந்து சூரியன் வெளிவரக் காலை ஏழரை மணி ஆகிறது. மேற்கே வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்கள் நாலு மணிக்கே நிழலை நீட்டிவிடுகின்றன. ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் தளர்த்திவிடும் என்பதால், வீட்டைப் பார்க்க வருபவர் நண்பகலில் வந்து பார்த்தால் போதாது. காலையும் மாலையும் நிழல் எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டும். எங்களிடம் எவரும் கேட்கவில்லை. பாசியும் இங்கே ஒரு பிரச்சினை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் பேனலின் கீழ் விளிம்பில் பச்சை படர்ந்துவிடுகிறது.

இன்னொரு குறையை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்வதில்லை. எங்கள் வீடு மின்கம்பி வழியின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகள் மூடியிருந்து பாவனை குறையும்போது, அதே வழியில் உள்ள எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் தள்ளுவதால் மின்னழுத்தம் ஏறி, இன்வர்ட்டர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் மறுபடி இயங்கும், மறுபடி நிற்கும். பொருள் பழுதாகவில்லை, கம்பிதான் சிறியது. ஒரு தெருவில் முதலாவதாகப் போடுபவருக்கு இது தெரியாது; பன்னிரண்டாவதாகப் போடுபவருக்கு நன்றாகத் தெரியும்.

பணக் கணக்குக்கு வருவோம். நாங்கள் ஒப்பமிட்டபோது அலகுக்கு 37 ரூபாய். எங்கள் பாவனை போக மாதத்துக்குச் சராசரி 390 அலகு விற்கிறோம். அதாவது 14,430 ரூபாய். முன்பு கட்டிவந்த பட்டியலும் மிச்சம். இந்த வேகத்தில் போட்ட பணம் ஆறு, ஏழு ஆண்டுகளில் திரும்பிவிடும். 2024இல் புதிதாகச் சேர்வோருக்கான விலை 27 ரூபாயாகவும், 2025இல் ஐந்து கிலோவாட் வரையிலான தொகுதிகளுக்கு 20 ரூபாய் 90 சதமாகவும் குறைக்கப்பட்டது. அதே 390 அலகுக்கு 2025இன் அந்த விலையில் சேர்பவர் பெறுவது 8,151 ரூபாய். பேனல்களின் விலை உலகச் சந்தையில் சரிந்துவிட்டதால் புதிய விலை அநியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். சூரியனுக்குக் கொடுக்கும் விலை, கூரையில் பேனல் இல்லாத வீடுகளின் பட்டியலிலிருந்தும்தான் வருகிறது. அந்த வீடுகள் பெரும்பாலும் எங்களைவிட ஏழை வீடுகள். விலை குறைந்ததற்காகக் கோபப்படுவோர் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒப்பமிட்டவர்களின் விலையில் கை வைக்காதிருப்பதே முக்கியம். இதுவரை எங்கள் கணக்கில் 37 ரூபாய் 37 ரூபாயாகவே வந்துகொண்டிருக்கிறது.

அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடியது 2025இல். பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் சிக்கியதால் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிய கேலிகள் ஓய்ந்த பின், பாவனை குறைந்த ஞாயிறு முற்பகலில் கூரைச் சூரியனின் பங்கு மிகுந்திருந்ததும் நாட்டின் மின்வலையமைப்பு தன்னை நிலைநிறுத்திக்கொள்ள முடியாமைக்கு ஒரு காரணம் என்று மின்சார சபை விளக்கியது. விளக்கத்தில் உண்மை உண்டு. லக்சபானவிலும் கொத்மலையிலும் உள்ள நீர்மின் நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்களுக்கு எடை இருக்கிறது. ஒரு பக்கம் திடீரென மின்சாரம் அறுந்தால், சுழலும் அந்த எடை சில வினாடிகள் தாங்கிப் பிடிக்கும். எங்கள் இன்வர்ட்டரில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. அதிர்வெண் விலகியதும் அது கையை விட்டுவிடும். சித்திரைப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி வேண்டுகோள் வந்தது.

நாங்கள் நிறுத்தினோம். ஒன்பது நாளும் காலையில் நானே இஸ்தோப்பில் நின்று விசையைக் கீழே தள்ளினேன். வேண்டுகோளுக்கு இணங்கியதால் இழந்த வருமானம் பெரிதன்று. ஆனால் எண்ணெய் வாங்கக் காசில்லாத நாட்டில், நல்ல வெயிலை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள் என்ற செய்தி எங்கள் தெருவில் என்ன செய்தது என்பதைப் பார்த்தேன். போட எண்ணியிருந்த இருவர் பின்வாங்கினார்கள். மக்கள் தங்கள் சேமிப்பைக் கூரையில் ஏற்றி ஆதரவைக் காட்டியிருக்கிறார்கள். கம்பிகளையும் மின்மாற்றிகளையும் மின்கலச் சேமிப்பையும் அதே வேகத்தில் வளர்க்காமல், விசையை மட்டும் எங்கள் கையில் தருவது அந்த ஆதரவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குறைந்தபட்சம் வேண்டுகோளின் காரணத்தையாவது, சுழலும் எடையின் கதையையாவது, மூன்று மொழிகளிலும் எளிதாகச் சொல்லியிருக்கலாம். என் பழைய மாணவர்களுக்கு நான் அதைச் சைக்கிள் சக்கரத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் விளக்கினேன்.

மலைநாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது நீரை மறந்துவிட முடியாது. எங்கள் கூரையில் ஏறி நின்றால் மேல் கொத்மலைத் தேக்கத்தின் ஒரு முனை தெரியும். 150 மெகாவாட் கொண்ட அதன் நீர்மின் நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. தேக்கம் சிறியது, சில மணிநேரத்துக்கான நீரை மட்டுமே பிடித்துவைக்கும். மவுசாக்கலை, காசல்ரீ, கொத்மலை ஆகியவை பெரியவை. நண்பகலில் எங்கள் பேனல்கள் தரும் ஒவ்வோர் அலகுக்கும் ஈடாக மவுசாக்கலையில் கொஞ்சம் நீரைத் தேக்கிவைத்து, எல்லா வீடுகளிலும் விளக்கும் தொலைக்காட்சியும் எரியும் மாலை வேளையில் அதைத் திறந்துவிடலாம். உலகில் பல நாடுகள் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்ட நினைக்கும் மின்கலம் எங்களுக்கு மலைகளின் மடியில் ஏற்கெனவே இருக்கிறது. விற்பனையாளர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்; ஆயினும் ஐந்து கிலோவாட் தொகுதி ஒன்றின் உண்மையான பயன் எங்கள் பட்டியலில் தெரிவதைவிட மவுசாக்கலையின் நீர்மட்டத்தில்தான் கூடுதலாகத் தெரியும் என்பது என் கருத்து.

அந்த மடிக்கு விலை கொடுத்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். நீர் வற்றும் மாதங்களில் மவுசாக்கலையின் அடியிலிருந்து, நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும்போது மக்கள் போய் நின்று பார்ப்பார்கள். மேல் கொத்மலைக்காகச் சென்கிளயர் நீர்வீழ்ச்சி மெலிந்தது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. அதன் 120 மெகாவாட் நிலையம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே இந்த ஆறுகளின் வலுவைப் பற்றிக் கட்டுரை படித்தார். லக்சபானவின் முதல் நிலையம் 1950இல்தான் இயங்கியது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, அந்த நிலையங்களின் உயர் அழுத்தக் கம்பிகள் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, மேலாகவே கொழும்புக்குப் போயின. மழை நாளில் அவை முனகுவது கேட்கும். கீழே குப்பிவிளக்கின் கரும்புகையில் நாங்கள் வாய்ப்பாடு படித்தோம். எங்கள் காம்பராவுக்கு மின்சாரம் வந்தபோது நான் ஆசிரியர் வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த நினைவைக் கிளறியது என் பழைய மாணவர் ஒருவர். இப்போது கொழும்பில் ஒரு மரப்பட்டறையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கு வந்தபோது வீட்டுக்கு வந்து, இன்வர்ட்டரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேர், எங்க லயத்துக்கும் இத போடலாமா? காசு நான் சேத்து வச்சிருக்கேன்" என்று கேட்டார். கூரை யாருடையது தம்பி என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். இருபது காம்பராக்களுக்கு ஒரே நீண்ட தகரக் கூரை. அதன் கீழ் நான்கு தலைமுறை வாழ்ந்தும் எவருக்கும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. கூரை தோட்டத்துடையது, நிலம் அரசுடையது. 20 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிட அவரால் முடியாது. இந்திய அரசின் நன்கொடையால் நாட்டின் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குத் தலா ஐந்து கிலோவாட் சூரியத் தொகுதி வழங்கும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது; நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சில பெருந்தோட்டக் கம்பனிகள் தங்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கூரைகளில் பேனல்களைப் பொருத்தியுள்ளன. மாரியம்மனுக்குக் கூரை இருக்கிறது, கம்பனிக்குக் கூரை இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக்கூட இருக்கிறது. கொழுந்து பறிப்பவருக்கு இல்லை. சூரிய சக்திக்கு மலையகத்தில் எவ்வளவு ஆதரவு என்று கூரைகளை எண்ணிப் பார்ப்பவர்கள் இந்த மாணவரை எதிர்ப்பாளர் பட்டியலிலோ அக்கறையற்றவர் பட்டியலிலோ எழுதிவிடுவார்கள். உண்மையில், லயத்தின் அந்த ஒரே நீண்ட கூரை கூட்டாகப் போடுவதற்கு மிகவும் வசதியானது. இருபது குடும்பங்களின் பெயரில் ஒரு தொகுதி, பாவனைக்கேற்பப் பங்கு, மிகுதி வருமானம் கூரையைத் திருத்த. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை ஏதுமில்லை. ஒரு காகிதந்தான் தடை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலைப் பற்றியும் எழுத வேண்டும். மண்சரிவில் உயிர்களை இழந்த வீடுகளுக்கு அருகே இருந்துகொண்டு மின்சாரத்தைப் பற்றி முறையிடுவது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி இது. எங்கள் பகுதியில் ஆறு நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது. கூரையில் ஒன்பது பேனல்கள். இன்வர்ட்டரில் சிவப்பு விளக்கு. வெளிக் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது இவ்வகை இன்வர்ட்டர் இயங்காது. அறுந்த கம்பியைத் தொட்டு வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது, சரியான ஏற்பாடு. ஆனால் பொருத்தும்போது இதை எங்களுக்கு ஒருவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. "கரண்ட் போனாலும் உங்க வீட்ல இருக்குமில்ல சேர்" என்று கைபேசிகளைத் தூக்கிக்கொண்டு வந்த அயலவர்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருந்தது. மின்கலத்தோடு இயங்கும் ஹைப்ரிட் இன்வர்ட்டர் இருந்திருந்தால், ஒரு தெருவின் கைபேசிகளுக்கும் ஒரு வீட்டின் இன்சுலின் வைத்த குளிர்சாதனப் பெட்டிக்கும் போதுமானதாக இருந்திருக்கும். சேமித்த மின்சாரத்தை மாலை உச்சவேளையில் தருவோருக்கு உயர்ந்த விலை கொடுக்கும் யோசனையும் 2025இல் வந்ததால், இன்று வாங்குவோர் மின்கலத்துக்கு இடம் வைத்தே இன்வர்ட்டரைத் தெரிவு செய்யட்டும். நாங்கள் செய்தது தவறு. அந்தத் தவறைத் திருத்த இன்வர்ட்டரையே மாற்ற வேண்டும். அதற்கு இப்போது கையில் பணம் இல்லை.

பொருளுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுப்பேன். பேனலும் இன்வர்ட்டரும் ஒரு நாளும் பழுதாகவில்லை, மழைக்காலத்துக் குறைவு அவற்றின் குற்றமன்று. பொருத்திய நிறுவனத்துக்கு இரண்டு. நான் வாங்கும்போது இருந்த விலைக்கு இது தயங்காமல் செய்யக்கூடிய முதலீடு. 2025இல் குறைக்கப்பட்ட விலைக்கு, பகலில் வீட்டில் ஆள் இருந்து மின்சாரத்தைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கும், சிறு பேக்கரி, தையற்கூடம், அரைக்கும் ஆலை வைத்திருப்போருக்கும் நன்றாகக் கட்டுப்படியாகும். பகலில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு இன்னும் சிறிது காத்திருக்கலாம். கடன் வாங்கிப் போடுவோர் 600 அலகு என்று விற்பனையாளர் எழுதித் தந்தால் 450 என்று வைத்துக் கணக்குப் பார்க்கவும். கூரை வேலைக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக எழுதித் தரும்படி வற்புறுத்திக் கேட்கவும்.

தென்மேற்கு மூலை சென்ற ஒக்டோபரில் மறுபடி ஒழுகியது. மே மாத மழைக்கு முன் ஆள் அனுப்புவதாக நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். வாளியை நாங்கள் இன்னும் எடுத்து வைக்கவில்லை.